நாற்பத்தோராவது குட்டி

வானம் இரண்டு வருடம் கைவிரித்துவிட்ட ஒரு காட்டில் செதிலி என்றோர் எறும்புதின்னி இருந்தது. உடம்பெல்லாம் செதில். நாக்கு நீளம், பேச்சுதான் ரொம்பக் குட்டை.

செதிலிக்குக் கூச்ச சுபாவம். யாராவது நின்று ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைப் போர்த்திக்கொண்டு, பந்தாகச் சுருண்டுவிடும். பார்த்தவர்கள் அலுத்துப்போய் நடையைக் கட்டிய பிறகுதான் மெல்லப் பிரியும்.

ஆனால், பிள்ளைகளே, எண்ணுவதில் செதிலியை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

இரவில் எறும்புப் புற்றுகளைத் தேடித் தின்றுவிட்டு, நன்றாக விடிந்த பிறகு காட்டாற்று மணல் வழியாகத் தன் வளைக்குத் திரும்புவது அதன் வழக்கம். காட்டுக் குட்டிகள் எல்லாம் தாயோடு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவதும் அந்த மணலில்தான். பெரியவர்களின் தடத்தைச் செதிலி கண்டுகொள்ளாது. சின்னத் தடங்களை மட்டும் ஒன்று விடாமல் எண்ணும்.

பன்றிக்குட்டி பன்னிரண்டு. மந்திக்குட்டி ஒன்பது. முயல்குட்டி எட்டு. கடமான் கன்று நான்கு. முள்ளம்பன்றிக் குட்டி மூன்று. கரடிக்குட்டி இரண்டு. யானைக் கன்று ஒன்று. கீரிக்குட்டி ஒன்று. சருகுமான் குட்டி ஒன்று. ஆக மொத்தம் நாற்பத்தொன்று.

எண்ணிக்கை சரியாக இருந்தால் செதிலிக்குத் தூக்கம் வரும். ஒன்று குறைந்தாலும் திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணும்.

கடைசியாக எண்ணுகிற அந்த நாற்பத்தோராவது தடம் நெல்லி என்ற சருகுமான் குட்டியுடையது. சருகுமான் என்பது முயலைவிடக் கொஞ்சமே பெரிய மான். காய்ந்த இலையின் நிறத்தில் இருக்கும். சருகோடு சருகாக அசையாமல் கிடந்துதான் உயிர் பிழைக்கும். நெல்லியின் அம்மாவுக்குப் பாறை உருண்டதில் ஒரு கால் போய்விட்டது. தூரமாக நடந்து தீனி தேட முடியாது. அதனால் நெல்லியின் தடத்தை மட்டும் செதிலி எண்ணுவதோடு நிறுத்தாமல் அளந்தும் பார்க்கும்.

எப்படி அளக்கும் தெரியுமா? ஒரு கட்டெறும்பைப் பிடித்துத் தடத்துக்குள் இறக்கும். எறும்பு முங்கினால் ஓர் எறும்பு ஆழம். அதன் முதுகில் இன்னொன்று ஏறியும் முங்கினால் இரண்டு. நல்ல மழைக்காலத்தில் நெல்லியின் குளம்பு மூன்று கட்டெறும்பு ஆழம் பதிந்திருந்தது. அளந்து முடித்ததும் செதிலி அளவுகோலைத் தின்றுவிடும்.

இரண்டாவது வருடமும் மழை பொய்த்தபோது காட்டின் அரசியான பெரிய யானை எல்லோரையும் கூட்டியது.

"மரத்துக்குப் பத்துப் பழம்கூட இல்லை. நாம் எப்படியோ தாக்குப்பிடித்துவிடுவோம். குட்டிகள் தாங்காது," என்றது அரசி. "ஆளுக்குத் தேடுவதில் ஒரு பங்கு வட்டப்பாறைக் குகையில் பொதுவாகக் கொண்டுவந்து போடுங்கள். பெரிய வயிறு பெரிய பங்கு, சின்ன வயிறு சின்னப் பங்கு. குட்டிகளுக்குத் தினமும் காலையில் அந்தப் பாறையில் ஓர் உருண்டை."

"பிசைகிற வேலை என்னுடையது, அரசியம்மா!" என்று கரடி குதித்தது. அதற்குத் தேன் பக்கத்தில் இருந்தால் எந்த வேலையும் சந்தோஷம்தான். "இலுப்பைப் பூ, கிழங்கு, நாவல், கொஞ்சம் தேன். ஒரு உருண்டை தின்னா மத்தியானம் வரைக்கும் நிக்கும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது கூர்மூக்கன் என்ற கீரி முன்னால் வந்தது.

கூர்மூக்கன் திருடாது, பொய் சொல்லாது. ஆனால் யாரையும் நம்பாது. தன் வாலையே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அது தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும்.

"எல்லாம் சரிதான், அரசியம்மா. யாருக்குக் கொடுக்கிறது? இருக்கிறவன் குட்டியும் வந்து ஏமாத்தித் தின்னுட்டுப் போனா? நிஜமாவே இல்லாத குட்டி எதுன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன். அந்தக் குட்டி நெத்தியில செம்மண் பூசிடலாம். செம்மண் பூசின குட்டிக்கு உருண்டை உண்டு, பூசாத குட்டிக்கு இல்லை. சட்டம் சுலபம், பாருங்க!"

அரசிக்கு அவசரம். மேற்கு மலையில் ஊற்றுத் தோண்டப் புறப்பட வேண்டும்; அங்கே போனால் வாரக்கணக்கில் தங்க வேண்டும்.

"எப்படியோ செய். ஒரு குட்டியும் பசியோடு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்," என்று சொல்லி, செம்மண் சட்டத்துக்கு மூன்று தடவை காலை ஊன்றியது. அரசி கால் ஊன்றிய சட்டத்தை அரசியைத் தவிர யாரும் மாற்ற முடியாது.

முதல் நாள் காலை வட்டப்பாறைக்கு இருபத்து மூன்று குட்டிகள் வந்தன. செதிலி ஒரு புதர் மறைவில் இருந்து எண்ணியது.

கூர்மூக்கன் ஒவ்வொரு குட்டியிடமும் மூன்று கேள்வி கேட்டது.

"நேத்து என்ன தின்னே?"

"உங்க வளையில என்ன மிச்சம் இருக்கு?"

"உங்க அப்பா அம்மா தேடித் தராம என்ன பண்றாங்க?"

மூன்றாவது கேள்விக்கு எந்தக் குட்டிக்கும் பதில் தெரியவில்லை. ஒரு முள்ளம்பன்றிக் குட்டி மட்டும், "எங்கம்மா ராத்திரி பூரா தேடுதுங்க. கிடைக்கலீங்க," என்று சொல்லிவிட்டு அழுதது.

நான்கு குட்டிகளைக் கூர்மூக்கன் திருப்பி அனுப்பியது. பத்தொன்பது குட்டிகளின் நெற்றியில் செம்மண் அப்பியது. அந்தப் பத்தொன்பதும் பாறைக்கு அந்தப் பக்கம் தனியாக நின்று உருண்டையைத் தின்றன.

மரத்தின் மேலே மந்திக்குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்பதுக்கும் வாய் சும்மா இருக்காது.

"செம்மண் நெத்தி, ஓசித் தீனி! செம்மண் நெத்தி, ஓசித் தீனி!"

ஒரு முயல்குட்டி பாதி உருண்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடியது.

பாறைக்கு வரும் பண்டங்களும் மாறின. பன்றி சொத்தைக் கிழங்கைப் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டது. "செம்மண் குட்டிங்களுக்குத்தானே? இது போதும்," என்றது. மந்தி கனியாத காயைப் போட்டது. கடமான் புழுவைத்த பழத்தைப் போட்டது. கரடி முகம் சுளித்தபடியே பிசைந்தது.

ஐந்தாம் நாள் வந்தவை பதினொன்று. எட்டாம் நாள் ஏழு. பத்தாம் நாள் நான்கு.

கூர்மூக்கனுக்கு ஒரே பெருமை. "பார்த்தீங்களா? பத்தொன்பதுன்னு சொன்னது எல்லாம் வேஷம். கடைசியில நாலே நாலு!"

ஆனால் ஆற்று மணலில் செதிலி எண்ணியபோது நாற்பத்தொன்று அப்படியேதான் இருந்தது. நாற்பத்தோராவது தடம்தான் அப்படியே இல்லை. வெயில் தொடங்கியபோது இரண்டு கட்டெறும்பு ஆழம் இருந்தது. இப்போது ஒற்றைக் கட்டெறும்பை இறக்கினால் அதன் முதுகு வெளியே தெரிந்தது.

செதிலி அன்று அளவுகோலைத் தின்னவில்லை. எறும்பு பாட்டுக்கு ஊர்ந்து போனது.

தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டுச் செதிலி சருகுமான் இருந்த மூங்கில் புதரைத் தேடிப் போனது. சுற்றிலும் சருகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு சருகுக் குவியலுக்கு இரண்டு கண் இருப்பது தெரிந்தது.

"யாரு, செதிலி அக்காவா? என்ன அதிசயம்! இன்னும் தூங்கப் போகலையா?"

செதிலிக்குச் சுருண்டுகொள்ளலாம் போல இருந்தது. வாலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டது.

"நெல்லி... பாறைக்கு வர்றதில்லையே?"

"முதல் ரெண்டு நாள் போயிட்டு வந்துச்சு அக்கா. பசங்க பேசுறதைக்கூட விடுங்க, காதுல வாங்காம இருந்துடலாம். நாங்க பிழைக்கிறதே இந்தச் சருகு நிறத்துலதானே? நெத்தியில அந்தச் சிவப்பை வெச்சுக்கிட்டு வருது குழந்தை. மேலேயிருந்து கழுகு பார்த்துருச்சு. பாறை இடுக்கு மட்டும் பக்கத்துல இல்லேன்னா..."

பக்கத்தில் இருந்த இன்னொரு சருகுக் குவியல் நகர்ந்து தாயின் மடியில் ஒட்டிக்கொண்டது. அதுதான் நெல்லி. விலா எலும்புகளைச் செதிலி தன்னை அறியாமல் எண்ணிவிட்டது. எண்ணிக்கையை வெளியே சொல்லவில்லை.

"நான் உருண்டையை வாங்கிட்டு வந்து தரட்டுமா?"

"குட்டி நேர்ல வரணுமாம். பூசினாத்தான் உண்டாம். கீரியார் சட்டம் பேசுறார்." சருகுமான் பெருமூச்சு விட்டது. "நாங்க இப்படியே இருந்துக்கிறோம் அக்கா. மழை வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

மழை வர எத்தனை நாள் ஆகும் என்று செதிலி மனசுக்குள் எண்ணிப் பார்த்தது. நெல்லிக்கு அத்தனை நாள் இல்லை.

நேரே வட்டப்பாறைக்குப் போனது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே நாளில் இரண்டாவது ஆளைத் தேடிப் பேசப் போனது.

"கூர்மூக்கா," என்றது செதிலி. "நாற்பத்தொன்று... தடம் வந்து... ஆழம்..."

கூர்மூக்கன் திரும்பி உற்றுப் பார்த்தது. அது யாரையும் அப்படித்தான் பார்க்கும். அவ்வளவுதான், செதிலி சுருண்டுவிட்டது.

"இந்தப் பந்து என்ன சொல்லுது, கரடியாரே?"

"ஏதோ நாப்பத்தொண்ணுன்னு சொல்லுச்சு."

"நாப்பத்தொண்ணாவது, ஒண்ணாவது! இங்கே வர்றது நாலு. மத்ததெல்லாம் வயிறு ரொம்பிக் கிடக்கு, அதான் வரலை. பௌர்ணமிக்கு அரசியம்மா வர்றாங்க. கணக்கைச் சொல்லிட்டு உருண்டைப் பாறையை மூடிட வேண்டியதுதான்."

பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பந்துக்குள் இருந்த செதிலிக்கு எல்லாமே கேட்டது.

அன்று முழுக்கச் செதிலிக்குத் தூக்கம் இல்லை. கூர்மூக்கன் கெட்டவன் இல்லை என்பது அதற்குத் தெரியும். சட்டத்தை மாற்றத் தன்னால் முடியாது என்பதும் தெரியும். சட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. 'செம்மண் பூசின குட்டிக்கு உருண்டை உண்டு. பூசாத குட்டிக்கு இல்லை.' ஏழாவது தடவை சொன்னபோது அதன் கண் பளிச்சென்று திறந்தது.

மறுநாள் காலையில் செதிலி செம்மண் சரிவுக்குப் போனது. மேலே மேடு, கீழே ஆற்றுக் கசிவால் கொழகொழவென்று செம்மண் பள்ளம். மேட்டில் அரசியின் கன்று பூசணி தும்பிக்கையால் தன் வாலைப் பிடிக்க முயன்று சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. பூசணிக்கு உலகத்தில் வேண்டியது இரண்டு: விளையாட்டு, தீனி. அம்மா மலைக்குப் போனதிலிருந்து சித்திகள் இரண்டையும் கொடுப்பதில்லை.

"செதிலி அத்தை! விளையாட வர்றீங்களா?"

செதிலி தலையசைத்தது. பிறகு சரிவின் விளிம்பில் நின்று, தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைப் போர்த்திக்கொண்டது. கூச்சம் எதுவும் இல்லாமல் வேண்டுமென்றே அது சுருண்டது அதுதான் முதல் தடவை. சரிவில் கடகடவென்று உருண்டு போய், 'பொதக்' என்று செம்மண்ணில் விழுந்தது.

"ஐயோ, எனக்கு! எனக்கு!" என்று பூசணி கத்தியது. பின்னாலேயே சறுக்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை. கடைசியில் தும்பிக்கை நுனியிலிருந்து வால் முடி வரைக்கும் சிவப்பு. கண் இரண்டு மட்டும் கறுப்பு.

"பசிக்குது அத்தை."

"பாறையில் உருண்டை தர்றாங்க," என்றது செதிலி. "செம்மண் பூசின குட்டிக்கு மட்டும்தானாம்."

பூசணி தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. "என் மேலதான் எக்கச்சக்கமா இருக்கே!" என்று பாறையை நோக்கி ஓடியது.

அங்கே நான்கு குட்டிகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தன. பூசணி ஐந்தாவதாகப் போய் நின்றது.

மேலே மந்திக்குட்டிகள் வழக்கம்போல ஆரம்பித்தன. "செம்மண் நெத்தி, ஓசித்..." அதற்கு மேல் வரவில்லை. வரிசையின் கடைசியில் யார் நிற்கிறது என்று பார்த்த பெரிய மந்திக்குட்டி மற்றதன் வாயைப் பொத்தியது.

கூர்மூக்கன் ஓடி வந்தது. "என்னப்பா பூசணி, வழி தவறி வந்துட்டியா? நீ அரசியம்மா பிள்ளை! உனக்கு எதுக்கு இது?"

"பசிக்குது மாமா."

"நீ இங்கே நிக்கக் கூடாது கண்ணு."

"செம்மண் பூசின குட்டிக்கு உருண்டை உண்டுன்னு அம்மா கால் ஊன்றிச் சொன்னாங்க. நான் பார்த்தேன். இங்கே பாருங்க, வால்லகூட இருக்கு. காதுக்குப் பின்னாடியும் இருக்கு."

கூர்மூக்கன் பூசணியைச் சுற்றி வந்து வாலையும் காதையும் பார்த்தது. சட்டம் அதனுடையதுதானே? அதையே எப்படி மீறும்?

"கொடுத்துத் தொலையுங்க, கரடியாரே."

பூசணி உருண்டையை ஆசையாக வாயில் போட்டது. அடுத்த நொடி, "த்தூ!" என்று துப்பியது. "புழு! மாமா, இதுல புழு நெளியுது! இதையா இவங்க தினமும் தின்னுறாங்க?"

கரடி தலையைச் சொறிந்தது. பக்கத்தில் நின்ற பன்றி வேறு பக்கம் பார்த்தது.

பூசணி அதோடு விடவில்லை. மேற்கு மலைக்கே ஓடி, அம்மாவிடம் அழுதுவிட்டு, விடிவதற்குள் திரும்பியது. இங்கே மந்திக்குட்டிகள் மரத்தைவிட்டு இறங்கி, "அரசி பிள்ளையே விளையாடினானாம்டா!" என்று செம்மண் சரிவுக்குப் பாய்ந்தன. ஒன்பதும் உருண்டன. அவற்றைப் பார்த்துப் பன்னிரண்டு பன்றிக்குட்டிகளும் இறங்கின. பன்றிக்குட்டிக்குச் சேற்றைக் காட்டி யாராவது அழைக்க வேண்டுமா? பிறகு முயல், கடமான், எல்லாம். மாலைக்குள் காட்டுக் குட்டிகள் பூராவும் சிவப்பு.

மறுநாள் விடிந்ததும் பாறைக்கு முன்னால் ஒரே கூட்டம். புதருக்குள் இருந்து செதிலி எண்ணியது. நாற்பது.

கூர்மூக்கன் வரிசையில் முன்னும் பின்னும் ஓடியது. எது மந்தி, எது முயல் என்றுகூடத் தெரியவில்லை. கையில் அகப்பட்ட ஒரு சின்னக் குட்டியைப் பிடித்து நிறுத்தியது.

"நேத்து என்ன தின்னே?"

"ஒண்ணுமில்லை."

"உங்க வளையில என்ன மிச்சம் இருக்கு?"

"பாதித் தவளை."

"உங்கப்பா தேடித் தராம என்ன பண்றார்?"

"அப்பா, நான்தாம்பா!" என்றது அந்தக் குட்டி. "நீங்கதான் பாறையே கதின்னு கிடக்குறீங்களே, எங்கே தேடுறீங்க?"

கரடி சிரித்த சிரிப்பில் தேன் கூடு ஒன்று கீழே விழுந்தது. கூர்மூக்கன் தன் குட்டியின் விலாவைத் தடவிப் பார்த்தது. அதற்குப் பிறகு அது யாரையும் கேள்வி கேட்கவில்லை.

அந்த நேரத்தில் தரை அதிர்ந்தது. அரசி வந்துவிட்டது, பௌர்ணமிக்கு முன்னாலேயே.

"அரசியம்மா," என்றது கூர்மூக்கன், மூச்சிரைக்க. "எல்லாம் கலந்து போச்சு. இதுல எது ஏழை, எது இருக்கிறவன்னே தெரியலை!"

"தெரியாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றது அரசி.

"நஷ்டம்தானே! உங்க பிள்ளைக்கு எதுக்கு ஓசி உருண்டை?"

"என் பிள்ளை தின்பது ஓர் உருண்டை. என் பங்காகத் தினமும் இருபது உருண்டைக்குப் பழம் இங்கே வருகிறது. அதில் ஒன்றை என் பிள்ளையும் தின்றால்தான், இங்கே பிசைவது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்." அரசி பன்றியை ஒரு பார்வை பார்த்தது. பன்றியின் காது மடங்கியது. அதன் பன்னிரண்டு குட்டிகளும் அந்த வரிசையில்தான் நின்றன.

"எல்லாருக்கும் கொடுத்தாப் போதாதே, அரசியம்மா! குகையில எவ்வளவு இருக்கு, எத்தனை நாள் வரும், யாருக்குத் தெரியும்?"

செதிலிக்குத் தெரியும். போன இரவே குகைக்குள் போய் அதையும் எண்ணியிருந்தது. புதருக்குள் அதன் வால் தானாக மடங்கத் தொடங்கியது. வெளியே வந்தால் நாற்பது குட்டி, அத்தனை தாய் தகப்பன், எல்லாக் கண்ணும் பார்க்கும். வெளியே வராவிட்டால் நாற்பதோடு நின்றுவிடும்.

செதிலி வெளியே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுருண்டுவிடுவோம் என்று பயந்து, தன் முன்னங்கால் நகத்தையே பார்த்துக்கொண்டு பேசியது.

"குகையில் நல்ல பண்டமா மட்டும் எண்ணினால் தொள்ளாயிரத்து இரண்டு உருண்டைக்கு வரும். ஒரு நாளைக்கு நாற்பத்தொன்று. அப்படின்னா இருபத்திரண்டு நாள். இனிமே தினமும் வந்து சேர்றது தனி."

"நாற்பத்தொன்றா?" என்றது அரசி. "இங்கே நாற்பதுதானே நிற்கின்றன?"

"ஆமாம். நாற்பத்தோராவது வரலை." செதிலியின் முதுகு கொஞ்சம் வளைந்தது. பல்லைக் கடிக்கலாம் என்றால் எறும்புதின்னிக்குப் பல் கிடையாது. அதனால் நகத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டது. "நெல்லி. சருகுமான் குட்டி. செம்மண் பூசினால் கழுகு பார்க்கும், அதனால் வரலை. மணலில் அதன் தடம் மூன்று எறும்பு ஆழம் இருந்தது. இன்றைக்கு அரை எறும்புகூட இல்லை."

வேறு யாராவது சொல்லியிருந்தால் காடு கேட்டிருக்குமோ என்னவோ. செதிலி பத்து வருடமாகக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதது. அது பேசியதும் இலை அசைகிற சத்தம்கூடக் கேட்டது.

"நான்... நாலுன்னு சொன்னேன்," என்றது கூர்மூக்கன் மெதுவாக. "நான் வந்ததைத்தான் எண்ணினேன். வராததை எண்ணலை."

அரசி முன்னங்காலைத் தூக்கியது. மூன்று தடவை ஊன்றியது. "செம்மண் சட்டம் இன்றோடு முடிந்தது. குட்டி என்றால் உருண்டை உண்டு. கேள்வி கிடையாது. பூசணி, நீ போய் நெல்லியைக் கூட்டிக்கொண்டு வா."

பூசணி போனது. திரும்பி வரும்போது அதன் வயிற்றுக்கு அடியில், நான்கு கால்களுக்கு நடுவில், ஒரு சருகு நடந்து வந்தது. யானை வயிற்றுக்கு அடியில் இருப்பதை எந்தக் கழுகு பார்க்கும்? பின்னால் தாய் நொண்டி நொண்டி வந்தது.

கரடி புதிதாகப் பிசைந்தது. பூசணிக்கும் மந்திக்குட்டிக்கும் நடுவில் நெல்லியை உட்கார வைத்தார்கள். நெல்லி முதலில் முகர்ந்தது. பிறகு ஒரு துளி நக்கியது. பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை.

"மெதுவாத் தின்னு, யாரும் பிடுங்கிக்க மாட்டோம்," என்றது மந்திக்குட்டி. "நீ எந்த மரம்? நான் ஆலமரம்."

"நான் மரமில்லை. சருகு," என்றது நெல்லி, வாய் நிறைய உருண்டையோடு.

அன்றிலிருந்து பாறைக்கு வந்த பண்டங்களைப் பார்க்க வேண்டுமே! தன் குட்டியும் அதைத்தான் தின்னப் போகிறது என்றதும் பன்றி மண் தட்டிய நல்ல கிழங்காகக் கொண்டுவந்தது. மந்தி கனிந்த பழத்தைப் பறித்தது. கடமான் ஒவ்வொரு பழத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டது. செதிலி தன் நகத்தால் தினமும் ஒரு கிழங்கு தோண்டிப் போட்டது. எறும்பு போடலாமா என்று ஒரு தடவை கேட்டது. கரடி பணிவாக வேண்டாம் என்றுவிட்டது.

கூர்மூக்கனின் வேலை போகவில்லை. குகை வாசலில் உட்கார்ந்து வருகிற பண்டத்தை எல்லாம் முகர்ந்து பார்க்கும் வேலையை அரசி அதற்குக் கொடுத்தது. "இந்த நாவல்பழத்து மேல எனக்குச் சந்தேகமா இருக்கு," என்று அது சொன்னால் அதில் கட்டாயம் ஒரு புழு இருக்கும். சந்தேகப்படுவதற்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டது என்று கரடி சந்தோஷப்பட்டது. முகர்ந்து முடித்த பிறகு கூர்மூக்கன் தன் குட்டிக்குத் தவளை தேடவும் போனது.

சட்டம் மாறிய நாளிலிருந்து முப்பத்து நான்காம் நாள் மழை வந்தது. குகையில் இன்னும் ஆறு நாளைக்கு மிச்சம் இருந்தது. குட்டிகள் எல்லாம் மழையில் குதித்தன. ஆனாலும் காலையில் ஒன்றாக உட்கார்ந்து தின்கிற வழக்கத்தை அவை விடுவதாக இல்லை. மழை வந்துவிட்டால் பாறை எதற்கு என்று பன்றி கேட்டபோது, அதன் பன்னிரண்டு குட்டிகளும் சேர்ந்து வீறிட்டன. பன்றி அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

மழை விட்ட மறுநாள் காலை செதிலி ஆற்று மணலுக்கு வந்தது. எண்ணியது. நாற்பத்தொன்று. கடைசித் தடத்துக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு கட்டெறும்பைப் பிடித்து இறக்கியது. முங்கியது. இரண்டாவதை ஏற்றியது. முங்கியது. மூன்றாவதையும் ஏற்றியது. அதுவும் முங்கியது.

செதிலி மூன்று அளவுகோலையும் தின்றுவிட்டு, வளைக்குப் போய், நிம்மதியாகச் சுருண்டு தூங்கியது.

நீதி: பசித்த பிள்ளையை அடையாளமிட்டுத் தனியே நிறுத்தினால் அது பசியோடு ஒளிந்துகொள்ளும், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தால் ஒரு பிள்ளையும் விட்டுப்போகாது.